ஆகாயத்திலும் குப்பை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி ருஷியர் முதலாவது செயற்கைச் சந்திரனை ஏவினர். மூன்று மாதங்களில் அது வளிமண்டலத்தில் வீழ்ந்து எரிந்துபோயிற்று. 1958 மார்ச்சில் அமெரிக்கர் ஏவிய வான்கார்ட் 1 அவ்வாறு எரியவில்லை. 1964இல் அதன் குரல் அடங்கிற்று. உடல் மாத்திரம் இன்றும் பூமியைச் சுற்றுகின்றது. ஏன் இவ்வேற்றுமை? தாழப் பறப்பதை மெல்லிய காற்றுத் தடுத்து வீழ்த்துகின்றது. மிக உயரத்தில் அத்தடை அற்பமாதலின், அங்கு விட்ட பொருள் நூற்றாண்டுக் கணக்காய்க் கிடக்கும்.

கிடந்தாலென்ன, ஆகாயம் விசாலமானதன்றோ என்று நாம் கேட்கலாம். 2009 பெப்ரவரி 10ஆந் திகதி அதற்கு விடை கிடைத்தது. தொழிற்பட்டுக் கொண்டிருந்த இரிடியம் 33 என்னும் அமெரிக்கச் செய்மதியும், செயலிழந்த கொஸ்மொஸ் 2251 என்னும் ருஷியச் செய்மதியும் சைபீரியாவுக்கு மேலே, ஏறக்குறைய 790 கிலோமீற்றர் உயரத்தில் மோதின. வேகமோ செக்கனுக்கு 11 கிலோமீற்றருக்கும் மேல்! தரையிலிருந்து கண்காணிக்கத்தக்க துண்டுகளே 2,000 வரை சிதறின. அதற்கு முன்னர், 2007இல், சீனா தனது பழைய வானிலைச் செய்மதியொன்றைத் தானே ஏவுகணையால் தகர்த்து, 3,000க்கு மேற்பட்ட துண்டுகளைப் பரப்பியிருந்தது.

இவ்வபாயத்தை 1978இலேயே டொனால்ட் கெஸ்லர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி தம் சகாவுடன் எழுதிய கட்டுரையில் எடுத்துக் காட்டினார். ஒரு மோதலின் துண்டுகள் வேறு மோதல்களை விளைக்கும். அவை மேலும் துண்டுகளைத் தரும். குப்பை தானே பெருகும். அந்நிலை முற்றினால் புயலை முன்னறிவிக்க உதவும் செய்மதிகளுக்கும் அங்கே அபாயம் மிகும். கடலை நம்பி வாழும் தீவினராகிய நமக்கு இது சிறு நட்டமா?

பரிகாரம் உண்டு. வேலை முடிந்த செய்மதியை, எஞ்சிய எரிபொருளின் உதவியாற் கீழிறக்கி எரித்துவிடலாம். 25 ஆண்டுகளுக்குள் அகற்றுக என்பது முன்னைய நெறி. 2022இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு அதனை 5 ஆண்டுகளாகக் குறைத்தது. ஆயினும் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் இன்னும் இல்லை.

ஊர்ப் பொதுக் கிணற்றில் வாளி அறுந்து வீழ்ந்தால், வீழ்த்தியவனே பாதாளக் கரண்டி கொண்டு எடுப்பது நம்மவர் முறை. "எல்லாருடைய கிணறுதானே" என்று விட்டுப் போனால், நாளடைவில் எவருக்கும் நீரில்லை. ஆகாயமும் அத்தகைய கிணறே.

நாம் வெறும் பார்வையாளரல்லோம். நம் நாட்டு இளைஞர் இருவர் யப்பானில் அமைத்த இராவணா 1 என்னும் சிறு செய்மதி 2019இல் விண்ணிற் செலுத்தப்பட்டது. தானே வீழ்ந்து எரியக்கூடிய தாழ்ந்த உயரத்திலே அது விடப்பட்டது. நாளை இச்சபையிலுள்ள இளைஞரும் ஏவுவீர்கள். ஏவும்போதே எடுக்கும் வழியையும் எண்ணுங்கள். அடுத்த தலைமுறைக்கு வானத்தைத் திறந்த வாயிலாக விட்டுச் செல்வது நமது கடன்.