வீட்டிலேயே பரிசோதனை: செலவு யார் பொறுப்பு?

(மகளிர் ஒன்றுகூடலில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். "கோயில் மண்டபத்தில் இதையெல்லாம் பேசலாமா?" என்று ஒரு சகோதரி தயங்கினார். தாய்மார்கள் கூடும் இடத்தில் தாய்மார்களின் உயிரைப் பற்றிப் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

இந்த நோய்க்குக் காரணம் ஹெச்பிவி என்னும் கிருமி. தாம்பத்திய உறவின் வழி பரவுவது. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வந்து, தானாகவே போய்விடும். எனவே இது யாருடைய ஒழுக்கத்தையும் பற்றிய செய்தி அல்ல. சிலருக்கு மட்டும் கிருமி போகாமல் தங்கிவிடுகிறது. அதன் வகைகளில் 16, 18 என்னும் இரண்டு மட்டுமே இந்தப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். ஆனால் தங்கிய கிருமி புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகக் குறைவு. அந்த அவகாசத்தில் கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம்.

பிறகு ஏன் பெண்கள் பரிசோதனைக்கு வருவதில்லை? நான் 30 ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவள். நான் கேட்ட பதில்கள் மூன்றுதான். "வெட்கமாக இருக்கிறது, மிஸ்ஸி." "பிள்ளை பெற்று முடித்தாயிற்று, இனி எதற்கு?" "எவ்வளவு செலவாகுமோ?"

முதல் பதிலுக்கு இன்று ஒரு வழி பிறந்திருக்கிறது. மெல்லிய பஞ்சுக் குச்சியால் பெண்ணே தனிமையில் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். படுக்கையில் படுக்க வேண்டாம். கருவி வைத்துப் பார்க்க வேண்டாம். தகுந்த ஆய்வுமுறையைப் பயன்படுத்தினால், மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு இணையாகவே இது கிருமியைக் காட்டிக்கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல், பரிசோதனைக்குரிய வயதுள்ள எல்லாப் பெண்களும் இந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம். நம் அண்டை நாடான மலேசியாவில், மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து 2018இல் 'ரோஸ்' திட்டத்தைத் தொடங்கியது. அதில் பெண்களே மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள்; முடிவு கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது.

இனிச் செலவுக்கு வருவோம். வீட்டிலேயே எடுக்கும் பரிசோதனைக்குக் காப்புறுதி பணம் கொடுக்குமா என்ற கேள்வி பெரிதாக எழுந்த நாடு அமெரிக்கா. அங்கே நடந்ததில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

அமெரிக்காவில் 2024 மே மாதம், மருத்துவ நிலையத்துக்குள் பெண்ணே மாதிரி எடுக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. 2025 மே மாதம், வீட்டிலேயே எடுக்கும் 'டீல் வாண்ட்' என்னும் கருவிக்கு ஒப்புதல் கிடைத்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பெரும்பாலான காப்புறுதிகள் நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கு முழுப் பணத்தையும் கொடுத்தாக வேண்டும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. முதல் சோதனை 'தடுப்பு' என்பதால் இலவசம். கிருமி இருப்பதாகத் தெரிந்து அடுத்த சோதனைக்குப் போனால், அது 'நோயறிதல்' என்று பெயர் மாறிவிடும். பெயர் மாறியதும் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வரும்!

சகோதரிகளே, இதைத்தான் பாதிக் கிணறு தாண்டுவது என்பார்கள். வீட்டில் எடுக்கும் மாதிரி கிருமி இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். இருக்கிறது என்று வந்தால் அது புற்றுநோய் அல்ல. ஆனால் அடுத்த படி கட்டாயம் வேண்டும். 16, 18 வகை என்றால் கோல்போஸ்கோபி என்னும் உருப்பெருக்கிப் பரிசோதனை. மற்ற வகை என்றால் மருத்துவர் எடுக்கும் உயிரணு மாதிரி. இதை வீட்டில் செய்ய முடியாது. முதல் சோதனை இலவசம் என்று செய்துகொண்டு, இரண்டாவதற்குப் பணமில்லை என்று நின்றுவிட்டால், அந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது கவலை மட்டுமே.

இதை உணர்ந்துதான் 2026 ஜனவரியில் அமெரிக்க அரசு வழிகாட்டியைத் திருத்தியது. 2027 ஜனவரி 1 முதல், பெரும்பாலான தனியார் காப்புறுதிகள் பெண்ணே எடுக்கும் மாதிரிக்கும், பரிசோதனையை முழுமையாக்கத் தேவைப்படும் அடுத்த சோதனைகளுக்கும் சேர்த்தே செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த இரண்டாவது பகுதிதான் உண்மையான முன்னேற்றம் என்பேன்.

நம் சிங்கப்பூரில் நிலைமை எப்படி? மெடிஷீல்டு லைஃப் பெரிய மருத்துவமனைச் செலவுகளுக்காக ஏற்பட்டது, பரிசோதனைக்கு அல்ல. பரிசோதனைக்கு வேறு வழி இருக்கிறது. 30 வயதுக்கு மேற்பட்ட குடியுரிமையுள்ள பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஹெச்பிவி சோதனைக்கு 'ஸ்கிரீன் ஃபார் லைஃப்' திட்டத்தில் மானியம் உண்டு. 2023 ஜூலையில் தொடங்கிய 'ஹெல்த்தியர் எஸ்ஜி' திட்டத்தில் பதிந்துகொண்டவர்களுக்கு அது இலவசம். பரிசோதனைக்குப் பிந்திய முதல் ஆலோசனையும் இதில் அடங்கும். அதற்குமேல் மருத்துவமனை நிபுணரைப் பார்க்க நேர்ந்தால், பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மானியக் கட்டணம் கிடைக்கும். கடிதம் இல்லாமல் நேரே போய் நின்றால் செலவு கூடும்.

ஆகவே, பரிசோதனைக்கு முன்பே மூன்று கேள்விகள் கேளுங்கள். நானே மாதிரி எடுக்க வசதி உண்டா? அதற்கு எவ்வளவு? கிருமி இருப்பதாக வந்தால் அடுத்த சோதனைக்கு யார் பணம் கொடுப்பார்கள்? தனியார் காப்புறுதி முகவரிடமும், முதலாளி கொடுக்கும் காப்புறுதி பற்றி அலுவலகத்திலும், மூன்றாவது கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு, உறவுக்குப் பின் உதிரம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இவை இருந்தால், வீட்டுப் பரிசோதனையை நம்பி இருக்காதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

"பிள்ளை பெற்று முடித்தாயிற்று" என்று சொல்லும் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. கிருமி உங்கள் உடலில் புகுந்தது 20 ஆண்டுகளுக்கு முன்பாகவும் இருக்கலாம். உங்கள் வயதுதான் பார்க்க வேண்டிய வயது.

இங்கே இருக்கும் மருமகள்மார்கள் மாமியாரையும், மகள்கள் தாயையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டண விவரம் விசாரிக்கத் தயங்கும் மூத்தவர்களுக்காக நம் தொண்டூழியர்கள் ஒரு தொலைபேசி அழைப்புச் செய்து கேட்டுச் சொன்னால், அதுவும் அறப்பணியே. அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும் தாய் நெடுநாள் நலமாக வந்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா?