மின்னோட்டத்துக்கு ஒரு மதகு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் பௌதிகம் பேசுமாறு எனக்குக் கட்டளை. சுருங்கச் சொல்கிறேன்.

மின்சாரம் ஓடும் கம்பி சூடேறுகிறது. அவ்வளவு சக்தியும் வீணே. கணிப்பொறிக்குள் விசிறி சுழல்வதும் இதனாலேதான். 1911-இல் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தை ஏறத்தாழ மைனஸ் 269 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர்வித்தார். அதன் மின்தடை அடியோடு மறைந்தது. இத்தகைய பொருளே மீக்கடத்தி. 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீபர் ஆகிய மூவரும் காரணம் கண்டனர். எதிரெதிர்ச் சுழற்சியுடைய எலெக்ட்ரான்கள் இவ்விரண்டாகக் கைகோத்துச் செல்கின்றன என்பதே அது.

சாதாரணக் காந்தம் எல்லாச் சுழற்சிகளையும் ஒரே திசைக்குத் திருப்ப முயலும், இணை பிரிந்துவிடும். ஆனால் எதிரயக்காந்தம் என்று ஒருவகை உண்டு. அதில் அடுத்தடுத்த அணுக்களின் காந்தத் திசைகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ஈடுசெய்யும்; வெளியே காந்தத்தன்மை தோன்றாது. ஆதலின், மீக்கடத்திக்கு அது பெரும்பாலும் இணக்கமான அயலான். மாங்கனீசும் ஜெர்மானியமும் சேர்ந்த அத்தகைய பொருளொன்றின் ஊடே, இருபுறமும் மீக்கடத்தி வைத்து, தடையற்ற மின்னோட்டம் செல்வதை 2021-இல் காட்டியுள்ளனர்.

இவ்வோட்டத்தைத் திறந்து மூட மதகு வேண்டாமா? தனி எலெக்ட்ரான் மீக்கடத்திக்குள் நுழைய, எதிர்ச் சுழற்சியுடைய துணையொன்றை எல்லையிலேயே தேடிக்கொள்ள வேண்டும். 1964-இல் ஆந்த்ரேயெவ் விளக்கிய நிகழ்ச்சி இது. இனி, அணுத்தடிமனே உள்ள எதிரயக்காந்தத் தகட்டில், ஒருதிசை அணுக்கள் சற்று மேலும் மறுதிசை அணுக்கள் சற்றுக் கீழும் இருப்பதாகக் கொள்வோம். குறுக்கே மின்னழுத்தம் கொடுத்தால் அவற்றின் சமநிலை குலையும். ஒரு சுழற்சி மிகும், மற்றது அருகும். துணை கிடைப்பது அரிதாகும்; ஓட்டம் தணியும். அழுத்தத்தை நீக்கினால் மீண்டும் பெருகும். இது இன்னும் கணக்கில் கண்ட வழியே. எனினும், குரோமியம் அயோடைடு ஈரடுக்கின் எதிரெதிர்க் காந்த அமைப்பைத் தக்க காந்தப் புலத்தில் மின்னழுத்தத்தாலேயே மாற்றலாம் என்பதை 2018-இல் சோதனையிலேயே கண்டனர்.

கடுங்குளிரின் செலவு இன்னும் பெரிது. நாளையே இது நம் வீட்டுக்கு வந்துவிடாது. ஆனால் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். எதிரயக்காந்தத்தைக் கண்டு விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி நெயில், 1970-இல் நோபெல் பரிசு பெற்றபோது, அதற்குப் பயனேதும் இருப்பதாகத் தெரியவில்லை என்றே கூறினார். கண்டவருக்கே தெரியாத பயனை நாம் முன்கூட்டி அறிவது எங்ஙனம்? பிள்ளைகள் அறிவியல் நூலை விரும்பி எடுக்கும்போது, "இதனால் என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்வியைச் சற்றே தள்ளிவையுங்கள்.