பொன்னாலைப் பாலத்தருகே ஒரு காடு
(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காரைநகரில் காடு எங்கே என்று கேட்டால் எல்லோரும் கசூரினாக் கடற்கரையைத்தான் சொல்வோம். அந்தச் சவுக்கு வெளியிலிருந்து வந்த மரம். தானாக முளைத்த காடு பொன்னாலைப் பாலத்துக்கு அருகில் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது சேற்று மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடந்தவர்கள் நாங்கள்.

அந்த மணத்திலேதான் கண்டற் காட்டின் கதை தொடங்குகிறது. உவர்ச் சேற்றுக்குள் காற்று இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் விடும் கந்தக வாயுவே மணக்கிறது. வேறு மரமென்றால் வேர் மூச்சடைத்து அழுகிவிடும். வெண்கண்டலோ பென்சில்களை நட்டுவைத்தது போல் வேர்களை மேலே நீட்டிச் சுவாசிக்கிறது. உப்பை இலைவழியே வெளியேற்றுகிறது. இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். தாங்குவேர் ஊன்றி நிற்கும் மற்றக் கண்டலில் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்ட பிறகே சேற்றில் விழுகிறது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிறது. வங்காளத்துச் சுந்தரவனத்தில் இத்தகைய காட்டில் புலி வாழ்கிறது. எங்கள் காட்டில் நண்டும் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. ஒடியற்கூழ் குடித்தவர்களுக்கு அதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

நூற்றாண்டு நினைவாகக் கண்டற் கன்றுகள் நடலாம் என்று வெளிநாட்டிலுள்ள சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் சுனாமிக்குப் பின் இலங்கையில் கன்று நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பார்த்து 2017இல் எழுதியபோது, 9 இடங்களில் ஒரு கன்றும் தப்பியிருக்கவில்லை. நட்ட 1000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பில் தேறியது ஏறக்குறைய 200தான். தண்ணீர் ஏறி இறங்கும் அளவு பாராமல் நட்டார்கள். நட்டபின் திரும்பிப் பார்க்கவுமில்லை.

ஆகவே முதலில் எங்கள் கடற்றொழிலாளரிடம் நீரோட்டத்தைக் கேட்டறிவோம். மதகுகளை அடைத்திருக்கும் பொலித்தீனை அகற்றுவோம். தண்ணீர் வந்து போனால் விதைகள் தாமாகவே மிதந்து வரும். முளைத்ததை ஆடுமாடு மேயாமல் ஒரு வேலி போதும். நிழற்படம் எடுக்க அதில் அதிகம் இராது! கன்றுக்கென்று சேரும் பணத்தை வேலிக்கும், மூன்று ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் சம்பளத்துக்கும் ஒதுக்கும்படி பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.