ஒரே வருஷம், ரெண்டு சாம்பியன்

2001ல ஐரோப்பாவின் கூடைப்பந்து கிளப் சாம்பியன் யாருன்னு கேட்டா ரெண்டு பதில் வரும். ரெண்டும் சரிதான்.

முந்தின வருஷம் சில பெரிய கிளப்புகள், சர்வதேச சம்மேளனமான ஃபிபாவை விட்டுப் பிரிஞ்சு தனி லீக் ஆரம்பிச்சாங்க. அதோட பேரு யூரோலீக். அது ஃபிபா வச்சிருந்த பேரு! ஆனா அவங்க அதை டிரேட்மார்க்கா பதிவு பண்ணவே இல்ல. அதனால ஃபிபாதான் தன்னோட போட்டிக்கு சுப்ரோலீக்னு புதுப் பேர் வைக்க வேண்டியதாச்சு.

மே 10. யூரோலீக் ஃபைனல் தொடர்ல இத்தாலியோட கிண்டர் பொலோன்யா, ஸ்பெயினோட டாவ் செராமிக்காவை 3-2னு ஜெயிச்சது. அந்த டீம்ல 23 வயசு மனு ஜினோபிலி. மூணே நாள்ல பாரிஸ்ல, மக்காபி டெல் அவிவ் பனாதினைக்கோஸை 81-67ல அடிச்சு சுப்ரோலீக் கோப்பையைத் தூக்கினாங்க. ரெண்டு சாம்பியனும் மோதிக்கவே இல்ல. ரசிகனுக்கு இதைவிட பெரிய ஏமாற்றம் என்ன?

அடுத்த சீசன் எல்லாரும் ஒரே லீக்ல. 2002 ஃபைனல் ஃபோர் பொலோன்யாவுலயே நடந்தது. பனாதினைக்கோஸ் அரையிறுதியில மக்காபியைத் தோற்கடிச்சாங்க. ஃபைனல்ல கிண்டரை, அவங்க சொந்த ஊர்லயே, 89-83. முந்தின வருஷம் ரெண்டு கோப்பை இருந்தும் ஒண்ணுகூட கிடைக்காத டீம் அது!