உப்பாகும் கிணறுகள்

கடலோர ஊர்களில் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். ஆனால் குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீர் கிடைப்பது கஷ்டம். பல ஊர்களில் கிணறு உப்பாகிவிட்டது. பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. பெண்கள் குடத்தோடு அலைகிறார்கள்.

கிணறு ஏன் உப்பாகிறது?

கடற்கரை மண்ணுக்கு அடியில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கிறது. ஒன்று, மழை பெய்து ஊறிய நல்ல தண்ணீர். மற்றொன்று, கடலின் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் கனமானது. அது கீழே இருக்கும். நல்ல தண்ணீர் லேசானது. அது மேலே மிதக்கும்.

நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நிற்கிறது என்று வையுங்கள். அது கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை உப்புத் தண்ணீரை அழுத்தி வைக்கும். அந்த 1 அடியையும் இறைத்துவிட்டால் என்ன ஆகும்? அழுத்த ஆள் இல்லை. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வரும்.

குஜராத்தில் சௌராஷ்டிரக் கடற்கரையில் இதுதான் நடந்தது. அங்கே ஊனா முதல் மாதவ்பூர் வரை தென்னையும் வெற்றிலைக் கொடியும் செழித்த பூமி. முன்பு மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். இரவில் கிணறு ஊறும். பிறகு டீசல் எஞ்சின் வந்தது, மின்சார மோட்டார் வந்தது. அவற்றுக்குக் களைப்பு இல்லை. கிணறு ஊற நேரமும் இல்லை. 1970-களில் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. தோப்புகள் வாடின. குடிக்கவும் தண்ணீர் இல்லை.

அரசு 1976-லும் 1978-லும் குழுக்கள் அமைத்தது. ஆற்று முகத்தில் கடல் நீர் ஏறாமல் கதவணைகள் கட்டினார்கள். மழை நீரைத் தேக்கத் தடுப்பணைகள் கட்டினார்கள். 1985 முதல் 1987 வரை கடும் வறட்சி. அதன் பிறகு விவசாயிகளே வயலில் ஓடும் மழை நீரை வடிகட்டித் தங்கள் கிணற்றுக்குள் விட்டார்கள்.

தமிழ்நாட்டில் மீஞ்சூர் பக்கமும் இதே கதைதான். அளவுக்கு மேல் இறைத்ததால் கடல் நீர் நிலத்தடியில் புகுந்தது. அருகே காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அதை ஓட்ட நிறைய மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும். மழை சும்மா பெய்கிறது. அதைத்தான் கடலுக்குள் ஓட விடுகிறார்கள்.

சிலர், "கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டலாம்" என்பார்கள். வெட்டாதீர்கள். கீழே இருப்பது உப்பு. சிலர், "காய்ச்சிக் குடிக்கலாம்" என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது.

பிறகு என்ன செய்யலாம்?

ஊர்க் குளத்தைத் தூர் வாருங்கள். கூரையில் விழும் மழை நீரை நிலத்துக்குள் விடுங்கள். மணல் மேடுதான் மழை நீரைக் குடித்து வைத்திருக்கும் பாத்திரம். அதை லாரியில் அள்ள விடாதீர்கள். முக்கியமாக, இறைப்பதைக் குறையுங்கள். ஒருவர் மட்டும் குறைத்தால் போதாது. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடினால் உங்கள் கிணறும் உப்பாகும். ஊரே கூடிப் பேசித்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

எழுதப் படிக்கக் கற்ற உங்களுக்கு ஒரு வேலை உண்டு. ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். நுனியில் கல்லைக் கட்டுங்கள். மாதம் ஒரு முறை கிணற்றில் விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று பாருங்கள். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். தண்ணீரின் ருசியையும் எழுதுங்கள். ஒரு வருடம் எழுதினால் கிணறு எங்கே போகிறது என்பது தெரியும். அந்த நோட்டைக் கிராம சபையில் படியுங்கள். தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாய்ப்பேச்சை மறுக்கலாம், தேதியோடு எழுதிய கணக்கை எளிதில் மறுக்க முடியாது.