பாட்டும் கூத்தும் சங்கத்தின் வேலைதான்

(மாதர் அணியும் இளைஞர் அணியும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர், சங்கத்தின் அமைப்பாளர் என்ற முறையில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற மேடை இது. இன்றைக்குப் பாட்டையும் கூத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூத்த தலைவர் கேட்டார்: "கூத்துப் போட்டா அரைப் பேரு முழுப் பேரா ஆகுமா டீச்சர்?"

நியாயமான கேள்விதான். ஆகாது. ஆனால் அரைப் பேர் போட்டதைத் தட்டிக் கேட்க நாலு லயத்து ஆட்களும் ஒன்றாக ஆபீசுக்குப் போக வேண்டும். மேல் லயத்து அக்காவுக்குப் போட்ட அரைப் பேர் கீழ் லயத்து அக்காவுக்கு வலிக்க வேண்டும். அந்த வலி சுற்றறிக்கை வாசித்து வருவதில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இன்று பேசப் பார்க்கிறோம்.

நமது சங்க வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் வந்த காலத்தில், வெளியாள் ஒருவர் துரையின் அனுமதி இல்லாமல் லயத்துக்குள் காலடி வைக்க முடியாது. புடவை வியாபாரி போல வேடம் போட்டு உள்ளே வந்து நிலைமையைப் பார்த்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தை அமைத்தார். இதெல்லாம் பலருக்கும் தெரியும். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சங்கக் கூட்டங்களில் அந்த அம்மா பாடுவார். சனங்களுக்கு ஏற்கனவே பழகிய மெட்டில், நம் ஆட்கள் படுகிற பாட்டைப் பாட்டாகக் கட்டிப் பாடினார். சின்னச் சின்னப் புத்தகங்களாகவும் அவை அச்சாயின. 'இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து' அவற்றில் ஒன்று.

அந்தக் காலத்தில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒரு லயத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? துண்டுப் பிரசுரம் போகாத காம்பராவுக்குள் பாட்டுப் போனது. தன் கஷ்டத்தைத் தலைவிதி என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், அதே கஷ்டத்தை இன்னொருத்தி வாயால் கூட்டத்தின் நடுவே கேட்டாள். அப்போது அது விதி இல்லை, பொதுப் பிரச்சினை என்று தெரிந்துவிடுகிறது. சங்கத்தின் முதல் வேலை அங்கேதான் நடந்தது. சந்தாப் பிடித்தது அதற்குப் பிறகு.

சி.வி. வேலுப்பிள்ளையும் அப்படித்தான். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனார். அடுத்த வருடமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. அவ்வளவு பெரிய போராட்டத்துக்கு நடுவிலும், தொழிற்சங்க வேலைக்கு நடுவிலும், அவர் தோட்டத்துச் சனங்கள் பாடுகிற பாட்டுகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தார். 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று அது புத்தகமாக வந்தது. வேலை வெட்டி இல்லாமல் செய்த காரியமா அது? ஆட்களின் மனசு தெரியாமல் ஆட்களுக்குத் தலைவராக இருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நமது காமன் கூத்துக்கு வருவோம். மாசி அமாவாசை கழிந்து காமன் ஊன்றுவதிலிருந்து பௌர்ணமி இரவு காமன் எரிகிறவரை தோட்டத்தில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. வீரபத்திரன் வருவதையும் எமன் வருவதையும் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பயந்து அலறுவதையும் நாம் பெரிதாகப் பேசுவோம். எங்களுக்கு எப்போதும் பெரிதாகப் படுவது ரதி.

ரதி வேடம் கட்டுவது வழக்கமாக ஆண். மீசையை மழித்து, சேலை கட்டி, பூ வைத்து, மாலை போட்டு லயம் லயமாக ஆடி வருகிறார். காமன் எரிந்த பிறகு அதே ஆள் தாலி இழந்த பெண்ணாக அழ வேண்டும். சும்மா அழுதால் ஆகாது, பாடி அழ வேண்டும். கவ்வாத்து வெட்டுகிற கை, சாக்குச் சுமக்கிற தோள், வீட்டில் சத்தம் போட்டே பழகிய தொண்டை, அந்த விடியற்காலையில் ஒரு விதவையின் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். உண்மையில் புருஷனை இழந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். வருடத்தில் மற்ற நாட்களில் யார் அவர்களுடைய துக்கத்தை இப்படி நடுக்களத்தில் வைத்துப் பாடுகிறார்கள்?

இன்னொருவராக மாறி நின்று பார்ப்பது என்றால் இதுதான். இதற்குப் பட்டணத்தில் பயிற்சிப் பட்டறை வைக்கிறார்கள். வைக்கட்டும், நல்லதுதான். நம்மிடம் அது தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது.

ஒப்பாரியும் அப்படியே. சாவு வீட்டில் ஒரு அம்மாயி ஒப்பாரி எடுத்தால் செத்தவரைப் பற்றி மட்டுமா பாடுகிறார்? தான் சின்ன வயதில் பறிகொடுத்த பிள்ளை, பிரஜாவுரிமைக் குழப்பத்தில் கப்பலேறிப் போய்த் திரும்பி வராத அண்ணன், எல்லாம் அதற்குள் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுகிறவரும் தன்னுடையதைச் சேர்த்துக்கொள்வார். நாலு நாள் போனால் இரண்டு பேரும் மனம் லேசாகி மலைக்குப் போவார்கள். மனச்சோர்வு, தற்கொலை என்று இன்று நம் இளம் பிள்ளைகள் பற்றிக் கவலையோடு பேசுகிறோம். வாய்விட்டுச் சொல்ல இடமில்லாதவர்கள்தான் ஒரேயடியாக உடைந்து போகிறார்கள். ஒப்பாரி சொல்லத் தெரிந்த தலைமுறை பட்டினி பார்த்திருக்கிறது. ஆனாலும் அதற்குத் தன் துக்கத்தை இறக்கி வைக்க ஒரு மொழி இருந்தது. இன்றைய பிள்ளையிடம் போன் இருக்கிறது, அந்த மொழி இல்லை. வைத்தியர் தேவைப்படுகிற பிள்ளைக்கு வைத்தியர்தான் வேண்டும், பாட்டுப் போதாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாடசாலையில் நாங்கள் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து அரை மணி நேர நாடகம். கதை எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. "உங்கள் வீட்டில் விடியற்காலை நாலரையிலிருந்து பெரட்டுக்கு ஆள் போகிறவரை என்ன நடக்கிறது, அதை ஆடிக் காட்டுங்கள்" என்றோம். ஒரே நிபந்தனை: ஆண் பிள்ளைகள் அம்மாவாக வேண்டும், பெண் பிள்ளைகள் அப்பாவாக வேண்டும்.

முதல் நாள் ஒரே சிரிப்பு. இரண்டாம் நாள் அம்மா வேடம் போட்ட பையன் நடுவில் நின்றுவிட்டான். அடுப்பு மூட்டியாயிற்று, தண்ணீர் பிடித்தாயிற்று, ரொட்டி சுட்டாயிற்று, தம்பியைப் பிள்ளை மடுவத்துக்கு வெளிக்கிடுத்தியாயிற்று. "டீச்சர், அம்மா எப்ப சாப்பிடுறது?" என்று கேட்டான். அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவனுக்கும் தெரியவில்லை. போய்ப் பார்த்து வரச் சொன்னோம். மறுநாள் வந்து சொன்னான்: நின்றுகொண்டே அரை ரொட்டி, மீதி அரை ரொட்டி மலைக்கு.

பெற்றோர் கூட்டத்தில் அந்த நாடகத்தைப் போட்டோம். அப்பாமார் சிலர் சிரித்தார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஒருவர் எழுந்து போய்விட்டார். ஒரு நாடகத்தைப் பார்த்துத் தோட்டத்தில் குடி நின்றுவிட்டது என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆனால் இரண்டு மூன்று வீடுகளில் காலையில் தண்ணீர் பிடிப்பது இப்போது அப்பா. மாதர் சங்கம் எத்தனை தடவை சொல்லியும் நடக்காதது அது.

லயத்துச் சண்டைகளுக்கும் இதே வழியைத் தலைவர்மார் எடுத்துப் பார்க்கலாம். ஒரு தோட்டத்தில் தண்ணீர்ப் பீலியால் இரண்டு லயங்களுக்கு இடையே நீண்ட பகை. அங்குள்ள தலைவர் இரு பக்கத்தையும் உட்கார வைத்து ஒரு காரியம் செய்தார். மேல் லயத்தாரின் குறையைக் கீழ் லயத்தார் சொல்ல வேண்டும், கீழ் லயத்தாரின் குறையை மேல் லயத்தார் சொல்ல வேண்டும். மற்றவர் "ஆமா, அதுதான் எங்க குறை" என்று ஒத்துக்கொள்ளும்வரை தன் கட்சியைப் பேசக் கூடாது. ஒரு மணி நேரம் இழுபட்டது. கடைசியில் நேரம் பிரித்துக்கொண்டார்கள். பீலிக்கு வருகிற தண்ணீரே போதாது என்று இரு லயத்தாரும் ஒன்றாகக் கையெழுத்து வைத்து நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்ததும் அதற்குப் பிறகுதான்.

இனி மனம் நோகிற ஒரு விஷயம். கூத்தைப் புகழ்கிறோம், தப்பை மறந்துவிடுகிறோம். தப்புச் சத்தம் இல்லாமல் காமன் ஆடுவாரா? ரதி அழுவாரா? ஒரு காலத்தில் பெரட்டுக்கு ஆள் எழுப்பியதும் தப்புத்தான். ஆனால் அதை அடிக்கிற மனிதரை ஒதுக்கி உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்த தோட்டங்கள் உண்டு. இன்னும் இல்லை என்று நம்மால் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? ரதிக்காக அழுதுவிட்டுத் தப்படித்தவருக்கு வேறு கிளாஸ் நீட்டினால் அந்தக் கண்ணீருக்கு என்ன மரியாதை? துரைமாரிடம் சமத்துவம் கேட்கிற நாம் லயத்துக்குள் அதைக் கொடுக்காமல் இருக்க முடியாது.

பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தப்புப் பழக்கத் தொடங்கினோம். "எங்க புள்ள தப்பு தூக்குறதா?" என்று சில பெற்றோர் வந்தார்கள். சத்தம் போட்டார்கள். நாங்களும் விடவில்லை. மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அதில் ஒருத்தி தானாகத் திரும்பி வந்து, இப்போது எல்லோரையும்விட நன்றாக அடிக்கிறாள். மற்ற இரண்டு பேரின் அப்பாமாரும் நம் சங்கத்து அங்கத்தவர்கள்தான். அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இங்கே வந்திருக்கும் தலைவர்மாரும் வந்து பேச வேண்டும். அது ஆசிரியர் மட்டும் செய்கிற வேலை இல்லை.

2023இல் நம் ஆட்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே. முன்னோர் காட்டுவழியில் விழுந்து செத்த பாதை அது. அதை வாசித்து அறிவது வேறு, அந்த வெயிலில் நடந்து பார்ப்பது வேறு. நம் கொள்ளுப்பாட்டிமார் நடந்ததைப் பாட்டாக வைத்திருக்கும் அம்மாயிமார் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு சாவு வீட்டிலும் ஒரு புத்தகம் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தம்பிமாரே, உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு லயத்திலும் பாட்டுத் தெரிந்த ஒருவரையாவது கண்டுபிடியுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். முதலில் அவருடைய அனுமதியைக் கேளுங்கள், ஒப்பாரியைச் சும்மா பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், சிலர் அதை வீட்டுக்குள் பாடினால் ஆகாது என்பார்கள். பேரையும் தோட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். போட்டி, பரிசு, கிண்ணம் எதுவும் வேண்டாம். தலைவர்மார் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தர வேண்டும், சம்பளப் பேச்சுக்குப் பிறகு மிஞ்சுகிற நேரத்தை அல்ல, முதல் மணி நேரத்தை. தாய்மார்களே, அந்த ஒரு மணி நேரம் வீட்டு வேலை யார் செய்வது என்பதை இங்கே உங்களோடு வந்திருப்பவர்களிடம் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

பாடசாலையில் நாலு தப்பு இருக்கிறது. மழைக்குத் தோல் தளர்ந்து கிடக்கிறது, காய்ச்சினால்தான் சத்தம் வரும். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கை காய்ந்த மிலாறு கொண்டு வாருங்கள்.