இரண்டு கம்பி, ஒரே பள்ளம்



களத்தில் மோட்டாரை இயக்கும் பிஎல்சி கருவிகளுக்கும் கட்டுப்பாட்டு அறையில் கண்காணிக்கும் ஸ்காடா மென்பொருளுக்கும் நடுவே அமைக்கும் மாற்றுத் தொடர்புகளைப் பற்றிப் பேச தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலை அடிவாரத்துக்கா வரவேண்டும் என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். இந்த ஊரின் தலபுராணத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. பூசைக்கு நீர் கொண்டுவர இராமர் அனுமனை அனுப்பினார். நேரமாகியும் ஆள் வரவில்லை. மலையில் அம்பெய்து ஊற்றை வரவழைத்துப் பூசையை முடித்தார். பிந்தி வந்த அனுமன் வீசியெறிந்த நீர் விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையின் அனுமந்தீர்த்தம் என்பது ஐதீகம். பொறியாளர் காதில் இந்தக் கதை வேறு மாதிரி விழும். காத்திருக்க ஒரு வரம்பு இருந்தது. வரம்பு கடந்ததும் இரண்டாம் வழி திறந்தது. அந்த வழி முதல் வழியை எதற்கும் நம்பியிருக்கவில்லை. முதல் இரண்டும் இன்றைய கருவிகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. மூன்றாவதற்குத்தான் பஞ்சம்.

தண்ணீரும் இங்கே வெறும் புராணப் பொருளாக நிற்கவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல்லில் கறையாகத் தொடங்கி எலும்பை முடக்கும் நோயை இரண்டு மாவட்டங்களும் தலைமுறைகளாக அறியும். அதற்காக ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய்க்கு மேலான மதிப்பில் எழுந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் மேட்டு நிலங்களில் ஏறி, நீரேற்று நிலையங்களையும் தொட்டிகளையும் கடந்து ஆயிரக்கணக்கான குடியிருப்புகளுக்குப் போகவேண்டும். இப்படிப் பரந்த அமைப்பில் எந்தத் தொட்டி நிரம்பியது, எந்த மோட்டார் நின்றது என்பதை ஓர் அறையில் உட்கார்ந்து அறிய வழி இல்லாவிட்டால், வால்வு திருப்புகிறவர் மோட்டார் சைக்கிளில் மலையேறித்தான் பார்க்க வேண்டும்.

வழக்கமான ஏற்பாடு எளிது. பிஎல்சியில் இரண்டு ஈதர்நெட் அட்டைகள், இரண்டு ஸ்விட்சுகள், கட்டுப்பாட்டு அறையில் இரண்டு சர்வர்கள். முதல் முகவரிக்கு ஸ்காடா கேள்வி அனுப்பும். குறித்த நேரத்தில் பதில் இல்லை என்றால் மீண்டும் கேட்கும். அப்போதும் மௌனம் என்றால் இரண்டாம் முகவரிக்குத் தாவும். குடிநீருக்குச் சில நொடித் தாமதம் பெரிதில்லை. துணைமின் நிலையத்துக்கு அதுவும் ஆகாது. அங்கே ஐஇசி 62439-3 தரநிலை வரையறுக்கும் பிஆர்பி முறை இருக்கிறது: ஒரே செய்தியை இரண்டு வலைகளிலும் ஒரே நேரத்தில் அனுப்பி, முதலில் வந்ததை ஏற்று, பின்னால் வந்ததைத் தள்ளிவிடுவார்கள். தாவுவதற்கு என்று நேரமே தேவைப்படாது.

வரைபடத்தில் இவை எல்லாம் அழகு. களத்துக்குப் போனால், இரண்டு ஃபைபரும் குடிநீர்க் குழாயின் ஓரமாக ஒரே பள்ளத்தில் படுத்திருக்கும். குழாய் உடைந்தாலும், உடைப்பைச் சரிசெய்ய ஜேசிபி வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டு ஸ்விட்சும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகியிருக்கும். இரண்டு சிம் போட்ட மோடம் என்று பெருமையாகச் சொல்வார்கள்; இரு நிறுவனங்களின் ஆன்டெனாவும் ஒரே டவரில், ஒரே பேட்டரியை நம்பி நிற்கும். மின்வெட்டு நீண்டால் இரண்டு சிம்மும் ஊமை. டெண்டர் விதியில் 'மாற்றுத் தொடர்பு: உண்டு' என்று டிக் அடித்தவரையும் குறை சொல்ல முடியாது, அந்தக் கட்டத்தில் அதற்கு மேல் கேள்வியே இல்லை.

ஒரே இடத்தில் போகும் இரண்டு வழி ஒரே வழிதான் என்ற பாடத்துக்கு அணுமின் உலகம் பெரிய விலை கொடுத்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரௌன்ஸ் ஃபெர்ரி நிலையம். 1975 மார்ச் 22 அன்று, சுவரில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று மெழுகுவத்திச் சுடரைப் பிடித்துப் பார்த்தார்கள். அடைப்புக்கு வைத்த நுரைப்பொருள் பற்றிக்கொண்டது. 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. ஒன்றுக்கொன்று மாற்றாக இருக்கவேண்டிய கேபிள்களும் அந்த நெருப்பில் சேர்ந்தே சிக்கின. மாற்றுக் கேபிள்களுக்கு நடுவே இடைவெளியோ தீத்தடுப்போ வேண்டும் என்ற கண்டிப்பான விதிகள் அதன் பிறகே வந்தன.

அதே நிலையத்தில் 2006 ஆகஸ்டில் வேறு விதமான சிக்கல். கட்டுப்பாட்டு வலையில் செய்தி நெரிசல் மிகுந்து, நீர்ச்சுழற்சிப் பம்புகள் இரண்டும் ஒருசேர நின்றன. ஆப்பரேட்டர்கள் கையாலேயே உலையை நிறுத்தினார்கள். பம்பு இரண்டு, வலை ஒன்று. மாற்றுக்கென இழுத்த கேபிளை ஸ்விட்சில் தப்பாகச் செருகி வளையம் உண்டாக்கினாலும் இதே நெரிசல் வரும். பாதுகாப்புக்குப் போட்ட கம்பியே வலையை மூழ்கடித்துவிடும்.

மென்பொருள் இன்னும் தந்திரக்காரன். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோவில் ஃபர்ஸ்ட்எனர்ஜி மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை ஒலிக்கும் நிரல் பகல் 2.14க்குப் பிறகு உறைந்துபோனது. 2.41க்கு முதன்மை சர்வர் விழ, எல்லா வேலையும் தானாக மாற்று சர்வருக்குப் போயிற்று, உறைந்த நிரலும் உடன் போயிற்று. 2.54க்கு அதுவும் விழுந்தது. மின்தடங்கள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டுக்கொண்டிருக்க, அறையில் அலாரம் ஒலிக்கவில்லை. மாலைக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. தாவல் பிசகில்லாமல் நடந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

குடிநீர் நிலையத்தில் இதன் சின்ன வடிவம் அடிக்கடி நடக்கும். தொடர்பு அறுந்த பிறகும் திரையில் தொட்டியின் மட்டம் 3.2 மீட்டர் என்று பச்சை எழுத்தில் நிற்கும். அது கடைசியாக வந்த எண். ஆப்பரேட்டர் நம்பி உட்கார்ந்திருக்க, மேலே தொட்டி வழிந்துகொண்டிருக்கும். மருந்து மலிவானது: நொடிக்கொரு முறை ஒன்று கூடும் எண்ணிக்கையை பிஎல்சி அனுப்பட்டும், அது அசையாவிட்டால் அந்த நிலையத்தின் எல்லா எண்களும் நிறம் மாறட்டும். காத்திருப்பில் உள்ள இரண்டாம் வழிக்கும் தனியாக இதே எண்ணிக்கை வேண்டும். இல்லாவிட்டால் அது எப்போதோ செத்துக் கிடப்பது முதல் வழி அறுந்த அன்றுதான் தெரியவரும். அறுந்த நேரத்தில் மோட்டாரை நிறுத்துவதா, ஓட்டுவதா என்ற முடிவையும் அந்த இடத்து பிஎல்சியிலேயே முன்கூட்டி எழுதிவைத்திருக்க வேண்டும்.

இன்று கட்டுரை படிக்க இருப்பவர்களிடம் இந்த மேடை ஒன்று கேட்கிறது. தொகுதிப் படத்தோடு தரைப்படத்தையும் திரையில் காட்டுங்கள்: இரு கேபிளும் எந்தச் சாலை வழியே போகின்றன, எந்தப் பாலத்தில் சேர்கின்றன, எந்த யுபிஎஸ் எதற்கு மின்சாரம் தருகிறது, கேபிளைக் கையால் பிடுங்கிக் கடைசியாகச் சோதித்த தேதி என்ன. நீரேற்று நிலையங்கள் பற்றிய முதல் அமர்வு இப்போது தொடங்கலாம்.